தெற்குத் தெரு வீட்டுக் குழு: ஒரு பாறையைப் பார்க்க விமானம் ஏறுவதா?

வெள்ளிக்கிழமை

கார்த்தி (மெல்பர்ன்), மாலை 3:10
அப்பா அம்மா இருவருக்கும் விசா வந்துவிட்டது. ஜூன் முதல் வாரம் இங்கே வருகிறார்கள். நான்கைந்து நாள் வெளியூர் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். என் விருப்பம் ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் இருக்கும் உலுரு. யாரும் கருத்துச் சொல்லலாம், முடிவு அம்மாவுடையது.

பாலு மாமா, 3:14
உலுரு என்றால் காலண்டரில் வருமே, அந்தச் சிவப்புப் பாறைதானே மருமகனே? பாறைக்கு நம் பக்கம் பஞ்சமா? கடலுக்கடியில் பவளத் திட்டு இருக்கிறதாமே, அங்கே கூட்டிப் போ.

கார்த்தி, 3:16
மாமா, அம்மாவுக்குப் படகு ஏறினாலே தலை சுற்றும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்கிறீர்களா?

மீனாட்சி, 3:17
நான் கடலுக்கு வரவில்லை.

பாலு மாமா, 3:17
சரி, தள்ளுபடி.

கோமதி அத்தை, 3:25
*பலமுறை பகிரப்பட்டது*
உலகின் மிகப்பெரிய ஒற்றைக்கல்! 348 மீட்டர் உயரம்! சுற்றளவு 9.4 கிலோமீட்டர்! பாலைவனத்தின் நடுவே தனியாக நிற்கும் அதிசயம்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

பெரியப்பா, 3:41
கோமதி, உயரமும் சுற்றளவும் சரி. ஈஃபிள் கோபுரமே 330 மீட்டர்தான். ஆனால் ‘மிகப்பெரிய ஒற்றைக்கல்’ என்பதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதே. அது தனியாக உட்கார்ந்திருக்கும் கல்லே அல்ல. பூமிக்கடியில் வெகு ஆழம் வரை இறங்கும் பெரும் பாறை அடுக்கு ஒன்றின் நுனிதான் வெளியே தெரிகிறது. பெரியது என்று பார்த்தாலும் ஆஸ்திரேலியாவிலேயே மேற்குப் பக்கம் அகஸ்டஸ் மலை இதைவிடப் பெரியது.

கோமதி அத்தை, 3:42
அனுப்பிவிட்டேனே அண்ணா. பத்து அல்ல, பன்னிரண்டு பேருக்கு.

பெரியப்பா, 3:58
பரவாயில்லை, இதையும் அவர்களுக்கு அனுப்பு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய மலைத்தொடர் ஒன்று இருந்தது. அதற்குப் பீட்டர்மன் என்று பெயர். அப்போது தரையில் செடிகொடி கிடையாது, மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லை. மழை அந்த மலையைக் கரைத்து அடிவாரத்தில் மணலாகக் கொட்டியது. பிறகு கடல் வந்து மேலே வண்டலைப் போட்டு அமுக்கியதில் மணல் கல்லானது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் மடங்கியபோது, படுத்துக் கிடந்த அந்த அடுக்குகள் 85 பாகை சாய்ந்து கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிமிர்ந்துவிட்டன. சுற்றியிருந்த மென்மையான பாறைகள் தேய்ந்து போயின, இது நின்றுவிட்டது. படத்தில் மேலிருந்து கீழாக வரிவரியாகத் தெரிகிறதே, அவைதான் அந்த அடுக்குகள்.

நிலா, 4:02
மாமா, நீங்கள் ஓய்வு பெற்றதில் பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கு நஷ்டம்தான்.

பாலு மாமா, 4:05
எல்லாம் சரி. மேலே ஏறினால் என்ன தெரியும்?

கார்த்தி, 4:07
ஏற முடியாது மாமா. 2019 அக்டோபர் 26 முதல் தடை.

பாலு மாமா, 4:08
அவ்வளவு செலவு செய்து போய்க் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவதா? இது என்ன கூத்து!

கார்த்தி, 4:19
அந்த இடம் அனங்கு மக்களுடையது மாமா. பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்கிறவர்கள். 1873-இல் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, ஹென்றி அயர்ஸ் என்ற அரசியல்வாதியின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார். நிலத்தைத் திரும்பப் பெற அவர்கள் 1985 வரை காத்திருந்தார்கள். பட்டயம் கைக்கு வந்தது அந்த ஆண்டு அக்டோபர் 26. கையோடு 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடமே பூங்காவாகக் கொடுத்தார்கள். ஏறுவதை நிறுத்தியதும் அதே தேதியில்தான்.

நிலா, 4:23
அதற்கு முன்பும் ‘தயவுசெய்து ஏறாதீர்கள்’ என்று அடிவாரத்தில் பலகை வைத்திருந்தார்கள் அப்பா. பக்கத்திலேயே 1964-இல் அடித்த இரும்புச் சங்கிலி, பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு. பலகையைப் படித்துவிட்டுச் சங்கிலியைப் பிடித்தவர்கள் ஏராளம். சறுக்கி விழுந்தும் மாரடைப்பு வந்தும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். தன் நிலத்துக்கு வந்தவர் அடிபட்டால் அனங்கு மக்கள் அதைத் தங்கள் துக்கமாகவே எடுத்துக்கொள்வார்களாம்.

கார்த்தி, 4:25
கடைசி வாரத்தில் நின்ற வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். மூடப் போகிறார்கள் என்றதும் ஊரே கிளம்பி வந்தது. கீழிருந்து பார்த்தால் ஊர்வது போலத் தெரிவதால், ஏறுகிறவர்களுக்கு அனங்கு மக்கள் வைத்த பெயரே எறும்பு.

கோமதி அத்தை, 4:31
இவர் திருவண்ணாமலைக்கு எத்தனை முறை போயிருக்கிறார், கேளுங்கள். ஒரு முறையாவது உச்சிக்கு ஏறினாரா? 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார். அங்கேயும் சுற்றிவிட்டு வரட்டுமே!

சங்கரன், 4:32
கோமதி போட்டாள் பார், ஒரே போடு.

பாலு மாமா, 4:33
நான் போகவே இல்லை, அதற்குள் எனக்கு ஏன் அடி?

கார்த்தி, 4:44
அத்தை சொல்வதுதான் விஷயமே. நாங்கள் போன ஜூலையில் போயிருந்தோம். முதல் நாள் மாலை, எல்லோரும் வண்டியை நிறுத்தும் இடத்தில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்தோம். பாறை செம்மண் நிறத்தில் இருந்து கனன்று, பிறகு ஊதாவாகி அணைந்தது. அழகுதான், ஆனால் காலண்டர் படம் பார்த்த அளவுக்குத்தான் மனத்தில் நின்றது. மறுநாள் காலை சுற்றி நடக்கத் தொடங்கிய பிறகுதான் அசந்து போனேன். முழுச் சுற்று 10.6 கிலோமீட்டர், முழுக்கச் சமதரை. தூரத்தில் வழவழவென்று தெரிந்த பாறை, கிட்டே போனால் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. தொட்டால் சொரசொரவென்று மணல் ஒட்டும். உச்சியில் இருந்து கறுப்புப் பட்டைகள் இறங்குகின்றன. மழைநாளில் அருவி விழும் தடம் அது, பாசி காய்ந்து கறுத்திருக்கிறது. சில குகைகளுக்குள் பார்த்தால் பாறை சிவப்பே இல்லை, சாம்பல்.

பெரியப்பா, 4:47
அதுதான் அதன் சொந்த நிறம். கல்லில் இரும்பு இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்ட மேல்தோல் துருப்பிடித்துச் சிவந்துவிட்டது. உலகமே படம் எடுப்பது அந்தத் துருவைத்தான். அந்தி வெயில் சாய்வாக வரும்போது நீலம் வழியிலேயே சிதறிப் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சும். அது துருவின் மேல் பட்டால் கனலாமல் என்ன செய்யும்?

மீனாட்சி, 4:52
10 கிலோமீட்டர் என் முழங்காலுக்கு ஆகாது கார்த்தி.

கார்த்தி, 4:55
முழுவதும் நடக்க வேண்டாம் அம்மா. மாலா நடை என்று ஒன்று, போய்வர 2 கிலோமீட்டர். பூங்காவின் வனக்காவலர் ஒருவர் கூடவே வந்து கதை சொல்லிக்கொண்டு கூட்டிப்போவார், கட்டணம் இல்லை. தென்பக்கம் முட்டிஜூலு சுனைக்கு இன்னொரு பாதை, 1 கிலோமீட்டர்தான். இரண்டிலும் சக்கர நாற்காலியே போகும். மீதியை நானும் அப்பாவும் நடந்துவிடுவோம்.

கார்த்தி, 5:03
அந்தச் சுனைக்குப் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது, நம் அத்தைக்காகவே சொன்னது போல. குனியா என்பவள் மலைப்பாம்புப் பெண். அவளுடைய அண்ணன் மகனை லிரு என்ற விஷப்பாம்புக் கூட்டம் ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டது. செய்தி கேட்டு அத்தை வந்தாள். சினம் தலைக்கேறி ஊருக்குக் கேடாகிவிடுமோ என்று பிடிபிடியாக மணலை அள்ளிக் கீழே விட்டுப் பார்த்தாள். அடங்கவில்லை. எதிரே நின்ற லிரு வீரன் இளித்தான். கிழங்கு தோண்டும் கம்பால் அவன் தலையில் இரண்டு அடி. இரண்டாவது அடியில் ஆள் காலி. அந்த இரண்டு அடியும் பாறையில் நீளமான வெடிப்பாக இன்றும் இருக்கின்றன. வழிகாட்டி கையைக் காட்டிச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கோமதி அத்தை, 5:05
மணலை அள்ளிப் பொறுமையாக இருந்து பார்த்தாள் பார், அவள் நல்லவள். நான் நேராகக் கம்பைத்தான் எடுத்திருப்பேன்.

பாலு மாமா, 5:06
இதற்கு நான் சாட்சி.

சனிக்கிழமை

பாலு மாமா, காலை 9:20
மருமகனே, இரவெல்லாம் உட்கார்ந்து தேடினேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு டிக்கெட் மலிவாக இருக்கிறது. உலுருவுக்குப் பக்கத்து ஊர்தானே? இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் ஆயிற்று.

கார்த்தி, 9:31
அந்தப் பக்கத்து ஊர் 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மாமா. காரில் ஐந்து மணி நேரம். இருட்டிவிட்டால் சாலையில் கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் நிற்கும். பாறைக்குப் பக்கத்திலேயே சின்ன விமான நிலையம் உண்டு, மெல்பர்னில் இருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.

நிலா, 9:33
வழியில் கானர் மலை என்று ஒன்று வரும், தட்டையான தலை. அதையே உலுரு என்று நினைத்து வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையவாம். அப்பா அந்த வழியாகப் போனால் அங்கேயே இறங்கிவிடுவார்.

சங்கரன், 9:40
தங்கும் செலவைச் சொல். சுற்றி வளைக்காதே.

கார்த்தி, 9:48
பூங்காவுக்குள் நாம் அறை எடுத்துத் தங்க முடியாது அப்பா. முன்பு பாறையின் அடிவாரத்திலேயே விடுதிகள் இருந்தன, அதனால் இடம் கெடுகிறது என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 1984-இல் வெளியே யுலாரா என்று ஓர் ஊரை உருவாக்கினார்கள். வேறு ஊர் இல்லை என்பதால் அறை வாடகை கொஞ்சம் கசக்கும். சமையலறையோடு இருக்கும் சின்ன வீடாகப் பார்க்கிறேன். பூங்கா நுழைவு மூன்று நாளுக்கு ஆளுக்கு 38 டாலர்.

மீனாட்சி, 9:50
சமையலறை இருந்தால் போதும். குக்கர் கொண்டு வருகிறேன்.

கார்த்தி, 9:52
குக்கர் இங்கே இருக்கிறது அம்மா. பொடி வகை, அப்பளம் எது கொண்டு வந்தாலும் விமான நிலையத்தில் கொடுக்கும் அட்டையில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். மறைத்து மாட்டினால் அபராதம் தீட்டிவிடுவார்கள்.

கோமதி அத்தை, 10:04
மதினி, வரும்போது அங்கிருந்து கைக்கு அடக்கமாகச் சிவப்புக் கல் ஒன்று எடுத்து வாருங்கள். கொலுவில் மலை கட்டும்போது உச்சியில் வைக்கலாம். எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளக்க வேண்டும்.

கார்த்தி, 10:09
அத்தை, அது மட்டும் வேண்டாம். கல், மண், எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். எடுத்துப் போனவர்களே பல ஆண்டுகள் கழித்துத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள், மன்னிப்புக் கடிதத்தோடு. எடுத்த நாள் முதல் வீட்டில் ஒன்றும் சரியில்லை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்தப் பொட்டலங்களுக்கு ‘மன்னிப்புக் கற்கள்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. எந்த மூலையில் எடுத்த கல் என்று தெரியாமல் பூங்காக்காரர்கள் திண்டாடுகிறார்கள்.

கோமதி அத்தை, 10:10
ஐயோ, வேண்டாம் மதினி. ஏற்கெனவே இங்கே எதுவும் சரியில்லை.

நிலா, 10:14
அம்மா, அங்கே பண்பாட்டு மையத்தில் அனங்கு பெண்கள் வரைந்த புள்ளி ஓவியங்கள் விற்பார்கள், மரத்தில் சூடு போட்டுக் கோலம் இழைத்த பல்லி, பாம்பு பொம்மைகளும் உண்டு. கொலுவுக்கு அதுதான் சரி. மீனாட்சி அத்தை, எனக்கும் ஒரு பல்லி.

மீனாட்சி, 10:20
பல்லி எழுதிக்கொண்டேன். குளிர் எப்படி?

கார்த்தி, 10:24
பகலில் 20 டிகிரி, சுகமாக இருக்கும். விடியற்காலை சில நாள் பூஜ்யத்தைத் தொடும். சூரிய உதயம் பார்க்க இருட்டில் கிளம்ப வேண்டும், ஸ்வெட்டர், குல்லாய், உள்ளே ஒரு பனியன் வேண்டும். பாலைவனம்தானே என்று பருத்திச் சேலையோடு வந்துவிடாதீர்கள். இன்னொரு விதத்தில் ஜூன் நல்லது. வெயில் காலத்தில் ஈ மொய்த்து எடுத்துவிடும், முகத்துக்கு வலை போட்டுக்கொண்டுதான் நடக்க முடியும். 36 டிகிரிக்கு மேல் போகும் நாளில் காட்டா ஜூட்டாவில் பள்ளத்தாக்குப் பாதையைக் காலை 11 மணிக்கே மூடிவிடுவார்கள்.

சங்கரன், 10:26
காட்டா ஜூட்டா என்பது யார்?

கார்த்தி, 10:29
அதே பூங்காவில், 36 உருண்டைத் தலைகளோடு இன்னொரு பாறைக் கூட்டம். உயரம் இதைவிட அதிகம். உலுருவைப் பார்க்க வந்தவர்கள் அரைநாள் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த அரைநாளே போதும் என்று தோன்றியது, இதைச் சொன்னால் பெரியப்பா அடிக்க வருவார்.

பெரியப்பா, 10:33
வருவேன். உலுரு மணல் கல், அது கூழாங்கல்லும் பெருங்கல்லும் சேர்ந்து இறுகிய பாறை. ஒரே மலைத்தொடர் கரைந்து கொட்டிய இரண்டு குவியல்கள், அடுத்தடுத்து நிற்கின்றன. அரைநாள் எப்படிப் போதும்? மீனாட்சி, நீ ஒரு நாள் கேள்.

மீனாட்சி, 10:41
முடிவு என்னுடையது என்றான் அல்லவா? உலுரு போகலாம். மாலா நடை, பாம்பு அத்தையின் சுனை, பெரியவர் சொன்ன அந்த இன்னொரு மலைக்கு ஒரு முழு நாள். விடியற்காலை ஒரு முறைதான் எழுவேன்.

சங்கரன், 10:42
உத்தரவு வந்துவிட்டது. டிக்கெட் போடு.

பாலு மாமா, 10:44
மச்சான், நீங்கள் பத்துக் கிலோமீட்டரும் நடந்து முடித்ததற்கு ஆதாரம் வேண்டும். நடந்துகொண்டே படம் அனுப்புங்கள்.

கார்த்தி, 10:47
எல்லா இடத்திலும் எடுக்க முடியாது மாமா. சுற்றுப் பாதையில் சில பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். அந்தப் பாறை முகங்கள் அவர்களுக்கு வேதம் மாதிரி. சில இடங்கள் பெண்களுக்கு மட்டும், சில ஆண்களுக்கு மட்டும் உரியவை. ஆகவே அவற்றைப் படமாக்கி வேறெங்கும் வைத்துப் பார்க்கக் கூடாது.

பாலு மாமா, 10:48
அப்படியானால் பலகையைப் படம் எடுத்து அனுப்பட்டும்.

பெரியப்பா, 10:52
கார்த்தி, எடுக்கலாம் என்கிற இடமாகப் பார்த்து, குகைக்குள் சாம்பல் நிறம் தெரிகிற படம் ஒன்று வேண்டும். முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன், ஒரு முறை கூடப் பார்த்ததில்லை.

கார்த்தி, 10:53
சரி பெரியப்பா. அப்பா, கடவுச்சீட்டின் முதல் பக்கத்தை அனுப்புங்கள். தலைகீழாக இல்லாமல்.