மார்ச் மாதத்தில் 29 டிகிரி ஃபாரன்ஹீட் (உறைநிலைக்கும் கீழே): கறிவேப்பிலை, முருங்கை, மாங்கன்றை எப்படிக் காப்பாற்றுவது?

கேட்டிவாசி:
ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறேன். பிப்ரவரி முழுக்க வெயில் அடித்ததில் தோட்டத்தில் எல்லாம் துளிர்விட்டு நிற்கிறது, குளிர் முடிந்தது என்று தக்காளி, கத்தரி நாற்றுகூட நட்டாயிற்று. இப்போது பார்த்தால் வியாழன் இரவு 34 டிகிரி ஃபாரன்ஹீட், வடக்கிலிருந்து பலத்த காற்று. வெள்ளி இரவு 29, காற்று இல்லை, வானம் தெளிவு என்று காட்டுகிறது. தரையில் இருப்பவை என் உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை, வேலியைத் தாண்டிய முருங்கை, வாழை, போன வருடம் வைத்த ஒட்டு மாங்கன்று (பூ வேறு விட்டிருக்கிறது). தொட்டியில் குண்டுமல்லியும் எலுமிச்சையும். கடைகளில் ஃபிராஸ்ட் கிளாத் (குளிருக்குச் செடியை மூடும் துணி) காலி. வீட்டில் பழைய பெட்ஷீட், ஒரு நீலத் தார்ப்பாய், கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், இவ்வளவுதான் இருக்கிறது. வியாழன் காற்றில் இதையெல்லாம் எப்படிக் கட்டி நிறுத்துவது என்றே தெரியவில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும்? கறிவேப்பிலை போனால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மல்லிப்பந்தல்:
தொட்டிகளை கராஜுக்குள் தள்ளிவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தக்காளி, கத்தரி நாற்றின் மேல் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து ஒரு செங்கல் வையுங்கள், போதும். போனாலும் திரும்ப வாங்கி நடலாம், அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முருங்கைக் கீரையை வெள்ளி மதியமே உருவி எடுத்துவிடுங்கள், எப்படியும் அந்த உயரத்தில் மூட முடியாது. பாதிக் கீரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் ஒரு பெட்ஷீட் கடனாகக் கிடைக்கலாம்.

வேர்மண்:
வியாழன் இரவைப் பற்றிக் கவலை வேண்டாம் சகோ. டிவியில் சொல்கிற விண்ட் சில் (காற்றால் கூடுதலாக உணரும் குளிர்) நம் உடம்புக்குத்தான், செடிக்கு இல்லை. காற்று எவ்வளவு அடித்தாலும் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே இலை போகாது, கொஞ்சம் காய்ந்துபோகும், அவ்வளவுதான். காற்று அடித்துக்கொண்டே இருந்தால் மேலே இருக்கும் சூடும் கீழே இருக்கும் குளிரும் கலந்துவிடும், அது ஒருவிதத்தில் நல்லதுதான். வெள்ளி இரவுதான் ஆபத்து. மேகம் இல்லை, காற்று இல்லை என்றால் தரையும் இலையும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தேங்கும். முன்னறிவிப்பில் சொல்லும் எண் ஆள் உயரத்தில் அளந்தது. புல்தரை மட்டத்தில் அதைவிட நாலைந்து டிகிரி குறைவாகவே இருக்கும், அதனால்தான் 36 என்று போட்ட நாளிலும் காலையில் புல் வெள்ளையாக இருக்கிறது.

மூடுவது செடியின் சூட்டைக் காக்க என்று பலர் நினைக்கிறார்கள். செடியிடம் ஏது சூடு? பகலில் மண் வாங்கி வைத்த வெயிலைத்தான் நாம் பிடித்து வைக்கிறோம். அதனால் துணி நாலாபுறமும் தரையைத் தொட வேண்டும், ஓரத்தில் செங்கல் வைக்க வேண்டும். தலைப்பாகை மாதிரி மேலே சுற்றி, அடிமரத்தில் கயிறு போட்டு இறுக்கினால் மண்ணின் சூடு உள்ளே வரவே வராது. வெள்ளி காலை வேர்ப்பகுதிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள், இலையில் படாமல். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடிக்கும். சூரியன் இறங்குவதற்கு முன்பே மூடிவிடுங்கள், இருட்டிய பிறகு மூடினால் பாதிச் சூடு போயிருக்கும். விளக்குச் சரம் பழைய காலத்துக் குமிழ் பல்பா, எல்இடியா? குமிழ் பல்பு ஒன்று 7 வாட், துணிக்குள் கறிவேப்பிலையைச் சுற்றிவிட்டால் சில டிகிரி ஏறும், துணி பல்பைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்இடி என்றால் அழகுக்குத்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஜனவரியில் 29 டிகிரி வேறு, மார்ச்சில் 29 டிகிரி வேறு. ஜனவரியில் செடி அடங்கி இருக்கும். இப்போது கொழுந்தும் பூவுமாக நீரோட்டத்தோடு நிற்கிறது, அதே குளிர் அதிகமாகக் கடிக்கும். ஆனால் மண் இப்போது சூடாக இருப்பதால் மூடுவதற்கும் நல்ல பலன் இருக்கும்.

ஸ்பிரிங்க்ளர் ராஜா:
இவ்வளவு எதற்கு? ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீர் அடித்தே மரத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டுத் தூங்கலாம். தார்ப்பாய் தாராளமாகப் போடலாம், அதற்குள் காற்றே போகாது.

வேர்மண்:
ராஜா சார், அவர்கள் செய்வது உண்மை, காரணம் வேறு. தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி சூடு வெளியே வரும், அந்தச் சூடுதான் மரத்தைக் காப்பது. அதற்குத் தண்ணீர் நிற்காமல் விழுந்து உறைந்துகொண்டே இருக்க வேண்டும், காலையில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றாலோ, காற்று எழுந்தாலோ ஈரம் ஆவியாகி இலையை முன்னைவிட அதிகமாகக் குளிர வைத்துவிடும். நம் வீட்டு ஸ்பிரிங்க்ளர் சுற்றுக்குச் சுற்று நின்று நின்று அடிக்கும், அதுதான் மோசம். பனிக்கட்டி கனத்தில் முருங்கைக் கிளை முறிவது தனிக்கதை.

தார்ப்பாயும் அப்படித்தான். இலையில் ஒட்டிய இடமெல்லாம் மறுநாள் கருகியிருக்கும். முதலில் பெட்ஷீட், அதன் மேல் தார்ப்பாய் என்றால் சரி, ஆனால் காலை வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மார்ச் வெயிலில் உள்ளே அவிந்துவிடும்.

கோத்தகிரிப் பிள்ளை:
நான் நீலகிரிக்காரன், இப்போது டாலஸில் இருக்கிறேன். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து மூடி வைப்பார்கள், தார்ப்பாய் இல்லை, தழைதான். இங்கே அதற்குப் பதில் வைக்கோல், காய்ந்த இலை, பைன் ஊசி எதுவும் ஆகும். கறிவேப்பிலை, முருங்கை இரண்டுக்கும் அடியில் ஒரு அடி உயரத்துக்குக் குவித்துவிடுங்கள். மேலே போனாலும் வேர் இருந்தால் பிழைக்கும். 2021 பிப்ரவரியில் ஹூஸ்டனிலேயே 13 டிகிரி போனது, இங்கே டாலஸில் பூஜ்யத்துக்கும் கீழே. அந்தக் குளிருக்குப் பிறகு செத்துவிட்டது என்று விட்ட கறிவேப்பிலை கோடை தொடங்கும் நேரத்தில் அடியிலிருந்து கிளம்பியதை ஹூஸ்டனில் என் தங்கை வீட்டில் பார்த்தேன். உங்களுக்கு 29 தானே, அதுவும் ஒரு ராத்திரி.

மாங்கன்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஆகாது. ஒட்டுப் போட்ட முடிச்சுக்கு மேலே செத்துவிட்டால் கீழிருந்து வருவது வேர்க்கன்று, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் இல்லை. முடிச்சுக்கு மேல் அரை அடி வரை மண் அணைத்துவிடுங்கள், குளிர் போனதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும். பூ போகட்டும், சின்னக் கன்றுக்கு இப்போது காய் எதற்கு?

கேட்டிவாசி:
எல்லாருக்கும் நன்றி. சனி காலை நிலவரம்: தோட்டத்தில் வைத்த தெர்மாமீட்டரில் 27 வரை இறங்கியிருக்கிறது. கறிவேப்பிலைக்கு பெட்ஷீட்டும் பழைய பல்புச் சரமும், மேல் நுனி மட்டும் கருப்பு. மாங்கன்று இலை தொங்குகிறது, பூ பழுப்பாகிவிட்டது. முருங்கை மேலே முழுக்க வெந்த கீரை போலக் கிடக்கிறது. வாழை இலை எல்லாம் கொழகொழ. வெட்டிச் சுத்தம் பண்ணட்டுமா? உரம் ஏதாவது போடலாமா?

மல்லிப்பந்தல்:
கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்! பார்க்க அசிங்கமாக இருந்தாலும் காய்ந்த கிளை அடுத்த குளிருக்கு ஒரு மறைப்பு, மார்ச் இன்னும் முடியவில்லை. வெட்டினால் புதுத்துளிர் விடும், அதுவும் போகும். வாழையில் கொழகொழத்த இலையை மட்டும் எடுக்கலாம், தண்டை விட்டுவிடுங்கள்.

வேர்மண்:
தழைச்சத்து உரம் இப்போது வேண்டாம், அதுவும் கொழுந்தைத்தான் கிளப்பும். ஏப்ரல் நடுவில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது, பழுப்பு என்றால் இன்னும் கீழே வந்து சுரண்டுங்கள். பச்சை தெரிந்த இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மாங்கன்றில் முடிச்சுக்கு மேலே பச்சை தெரிகிறதா என்று அப்போது போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.