'லேப்பிங்' என்பதற்கு 'இணையிழைப்பு': ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் வால்வின் முகத்தையும், அது வந்து உட்காரும் வளையமான 'சீட்'டையும் துகள் கலந்த பேஸ்ட் இட்டு ஒன்றோடொன்று தேய்த்து, கசிவின்றிப் பொருத்தும் வேலையே 'லேப்பிங்'. அதற்கு 'அரைத்தல்' போதும் என்று சென்ற மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இங்கே சேலத்தில் 'வால்வு அரைக்கிறது' என்ற வழக்கு இருப்பது உண்மையே; ஆனால் சாணைக்கல்லால் சீட்டைச் செதுக்கிச் சீராக்குவதும் அதே பெயரில்தான் வழங்குகிறது. அது லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டிய வேலை. லேப்பிங்கோ, பழைய எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுபவர் தம் கையால் முடிக்கக்கூடியது.

பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அது திணறாமல் ஏற வேண்டுமானால், வால்வு வழியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட வாயுவின் அழுத்தம்) கசியக் கூடாது. சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த பேஸ்ட்டை வால்வின் முகத்தில் பொட்டுப் பொட்டாக வைத்து, தண்டின் நுனியில் பெட்ரோல் டியூப் துண்டு ஒன்றை இறுகச் செருகி, மெல்ல இழுத்துப் பிடித்தபடி இரு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பி, இடையிடையே வால்வைத் தூக்கி வேறு கோணத்தில் உட்காரவைத்துத் தொடர்ந்தால், கரகரவென்ற ஒலி படிப்படியாக அடங்கி, முகத்திலும் சீட்டிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தோன்றும். பேஸ்ட்டை முற்றிலும் கழுவி, ஸ்பிரிங்கை மாட்டி, போர்ட்டில் (வால்வுக்குப் பின்னுள்ள வாயு வழியில்) மண்ணெண்ணெய் ஊற்றினால் ஒரு துளியும் கசியக் கூடாது.

இங்கே இரண்டு பரப்புகளும் சேர்ந்து தேய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. 'உராய்வு' இயற்பியலுக்குப் போய்விட்டது. சந்தனக்கட்டையை ஈரக்கல்லில் அதிகம் அழுத்தாமல் தேய்ப்பதை 'இழைத்தல்' என்கிறோமே, அந்தப் பக்குவம்தான் இதிலும் வேண்டும். தச்சர் இழைப்புளியால் மரத்தைச் சீவுவதும் இழைப்புத்தானே என்று கேட்கலாம்; அந்த மயக்கத்தை நீக்கவே 'இணை' சேர்த்து 'இணையிழைப்பு' என்கிறேன். 'ஒத்திழைப்பு' வேண்டாம், வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு அது 'ஒத்துழைப்பு' ஆகிவிடும்.

பேஸ்ட்டை 'இழைப்புக் களிம்பு' எனலாம்; 'பசை' என்றால் ஒட்டும் பொருளாகிவிடும். முதலில் பருவெட்டுக் களிம்பு, பிறகு நுண்களிம்பு. அளவுக்கு மீறித் தேய்த்து வால்வின் முகத்தில் பள்ளம் விழுவதற்கு 'மிகையிழைப்பு' பொருந்தும். சிலிண்டரின் உட்சுவரைத் தேய்ப்புக்கற்களால் சீராக்கும் 'ஹோனிங்' வேறு வேலை என்பதால், அதற்குத் தனிச்சொல் தேட வேண்டும். லேத் வேலை தெரிந்தவர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.