அக்கா, அந்த அட்டையை ஏன் அங்கே வைத்தாய்?

குழு: நம் வீடு

தம்பி, காலை 7.12
அக்கா, நேற்றிரவு, பக்கங்கள் பொருந்தும்படி அட்டைகளை அடுக்கி நகரமும் சாலையும் கட்டும் நம் கார்கசோன் ஆட்டத்தில் நான் 6 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று வென்றதாகக் கணக்கு எழுதி முடித்தோம். படுத்த பிறகு பலகையைப் பிடித்த படத்தை மறுபடியும் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. என் பெரிய நகரத்தில் ஒரே ஒரு குழி மட்டும் அடைபடாமல் இருந்தபோது, உன் கைக்கு வந்த சாலை அட்டையை ஏன் மேசையின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தாய்?

அக்கா, காலை 7.31
அங்கே என் சாலை ஒன்று முடிய வேண்டியிருந்தது.

தம்பி, காலை 7.44
அந்தச் சாலை முடிந்ததால் உனக்குக் கிடைத்தது 3 புள்ளிகள். முடியாமல் கிடந்திருந்தாலும் கடைசிக் கணக்கில் 2 கிடைத்திருக்கும். என் குழிக்கு மூன்று பக்கமும் நகரம், நான்காவது பக்கம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் உன் அட்டையை, அதன் சாலை குழியைப் பார்க்கும்படி வைத்திருந்தால், மூன்று பக்கம் நகரமும் ஒரு பக்கம் சாலையும் உள்ள அட்டை மட்டுமே அங்கே பொருந்தும். 72 அட்டைகளில் அப்படிப்பட்டவை மூன்றே மூன்று. மூன்றும் அதற்கு முன்பே பலகைக்கு வந்துவிட்டன. என் நகரம் கடைசிவரை மூடாமலே கிடந்திருக்கும். 22 புள்ளிகளுக்குப் பதிலாக 10 வாங்கியிருப்பேன். நீ 5 புள்ளிகளில் வென்றிருப்பாய். எந்த அட்டை எத்தனை மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஆடுகிறவள் நீ. இது உன் கண்ணில் படவில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அப்பா, காலை 8.05
விளையாட்டில் வென்றதற்காகச் சண்டைக்கு வருகிறவனை இன்றுதான் பார்க்கிறேன். வைஷாலியையும் பிரக்ஞானந்தாவையும் பாருங்கள். அவர்களும் அக்கா தம்பிதான், இருவரும் சதுரங்க கிராண்ட்மாஸ்டர்கள், 2024ஆம் ஆண்டு கேண்டிடேட்ஸ் போட்டிகளில் ஒரே நேரத்தில் ஆடினார்கள். எவ்வளவு ஒற்றுமை!

தம்பி, காலை 8.09
அப்பா, அவர் மகளிர் பிரிவிலும் இவர் பொதுப் பிரிவிலும் ஆடினார்கள். எதிரெதிரே உட்காராதவரை நாங்களும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்.

அக்கா, காலை 8.40
சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தைப் பார்த்தேன். தொடர்ந்து பதினோரு ஆட்டங்களில் தோற்றிருந்தாய். முந்தின நாள் அட்டைகளைப் பெட்டிக்குள் போடும்போது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்னும் இரண்டு தோல்வி வந்தால் ஆட்டத்தையே விட்டுவிடுவாய் என்று பயந்தேன். உன்னை விட்டால் எனக்கு ஆட ஆள் கிடையாது.

தம்பி, காலை 8.52
அப்படியானால் போன மாதம் நான் வென்ற இரண்டு ஆட்டங்கள்?

அக்கா, காலை 8.53
அவை இரண்டும் உன்னுடையவைதான்.

தம்பி, காலை 8.53
இனி அதை நான் எதை வைத்து நம்புவது?

அத்தை, காலை 9.20
இந்தக் கேள்வியை நான் முப்பது வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டேன். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகளுக்குத் தெரியட்டும். உங்கள் அப்பாவும் நானும் தினமும் சதுரங்கம் ஆடுவோம். ஒரு நாள் அவர் தம் ராணியை என் குதிரை வெட்டும் கட்டத்தில் வைத்துவிட்டு, ஏதோ பெரிய யோசனையில் இருப்பவரைப் போல மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வெட்டினேன், வென்றேன், தெருவெல்லாம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவரே வாய்தவறி உளறினார். தோற்ற நாள்களில்கூட எனக்கு அவ்வளவு வலித்ததில்லை. அதற்குப் பிறகு உண்மையாகவே வென்றபோதும் அவர் மோவாயைத்தான் முதலில் பார்ப்பேன்.

அப்பா, காலை 9.26
அது தவறுதலாக வைத்த ராணி.

அத்தை, காலை 9.27
அண்ணா, மோவாயைத் தடவியதும் தவறுதலா?

அப்பா, காலை 9.41
எதிரெதிரே ஆடாமல் ஒரே பக்கம் நின்று ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றனவே. பேண்டமிக் என்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதில் எல்லாரும் சேர்ந்து நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும். தோற்றாலும் எல்லாரும் சேர்ந்துதான் தோற்பீர்கள்.

தம்பி, காலை 9.45
அதில் அக்கா என் முறையையும் சேர்த்து ஆடிவிடுவாள், அப்பா. நான் காயை நகர்த்தும் கூலியாள்.

அக்கா, காலை 10.15
அதை மறுக்கவில்லை. ஆனால் அத்தை சொன்னதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. தம்பி, உன்னை உறுத்துவது நான் சலுகை கொடுத்ததா, ஒளித்துக் கொடுத்ததா? ‘கோ’ விளையாட்டில் வலியவரும் எளியவரும் ஆடினால், எளியவர் 2 முதல் 9 வரை கற்களைப் பலகையில் முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். அது யாருக்கும் அவமானம் இல்லை; எத்தனை கல் என்பது இருவருக்கும் தெரியும்; அதன் பிறகு வலியவர் ஒரு கல்லைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஆடுவார். கடிகாரம் வைத்துச் சதுரங்கம் ஆடும்போதும், ஒருவருக்கு 10 நிமிடம், மற்றவருக்கு 3 நிமிடம் என்று பிரித்துக்கொள்வது உண்டு. நமக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால் நேற்று நான் அந்தக் குழியை அடைத்திருப்பேன், மனசாட்சி உறுத்தாமல்.

தம்பி, காலை 10.22
எத்தனை புள்ளி சலுகை என்பதை யார் முடிவு செய்வது? நீ சொன்னால் அது இரக்கம். நான் கேட்டால் அது பிச்சை.

அத்தை, காலை 10.38
ஒருவர் பங்கு வைக்கட்டும், மற்றவர் எடுக்கட்டும். ஹெக்ஸ் என்ற ஆட்டத்தில் முதலில் ஆடுபவருக்கே சாதகம் என்பதால் இதையேதான் செய்கிறார்கள்: ஒருவர் முதல் கல்லை வைப்பார், அந்தப் பக்கம் வேண்டுமா என்று மற்றவர் தேர்ந்துகொள்வார். உன் அக்கா ஒரு எண்ணைச் சொல்லட்டும். அத்தனை புள்ளிகளோடு தொடங்கும் இடம் உனக்கா, அவளுக்கா என்பதை நீ சொல். அவள் மிகவும் கூட்டிச் சொன்னால் அதை நீ வாங்கிக்கொண்டு சுலபமாக வெல்வாய்; குறைத்துச் சொன்னால் நீ மறுபடியும் தோற்று ஆட்டத்தையே விட்டுவிடுவாய், அவள் பயப்படுவதும் அதற்குத்தான். ஆகவே தன் மனத்தில் இருக்கும் உண்மையான வித்தியாசத்தைத்தான் அவள் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கா, காலை 10.44
15.

தம்பி, காலை 10.45
பதினைந்தா? என்னை அவ்வளவு மட்டமாகவா நினைத்திருக்கிறாய்?

அக்கா, காலை 10.45
எண்ணைச் சொல்வது மட்டும்தான் என் வேலை. தேர்ந்துகொள்வது நீ.

தம்பி, காலை 10.58
அந்த 15 புள்ளிகளை நீயே வைத்துக்கொள். நான் சுழியத்திலிருந்து தொடங்குகிறேன். நிபந்தனை ஒன்றுதான்: எந்தக் குழியையும் இரக்கப்பட்டு விட்டுவைக்கக் கூடாது.

அத்தை, காலை 11.02
அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான்.

அக்கா, இரவு 10.47
(படம்)
நான் அடைத்த இடங்களால் அவனுடைய இரண்டு நகரங்களையும் ஒரு மடத்தையும் கடைசிவரை முடிக்க முடியாமல் போயிற்று. அவனுடைய ஏழு வீரர் காய்களில் நான்கு ஆட்டம் முடியும்வரை உள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தன.

தம்பி, இரவு 10.52
38 புள்ளிகளில் தோற்றேன். படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஓர் இடத்தில்கூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

தம்பி, இரவு 10.53
நாளைக்கு அந்த 15 எனக்கு.