சினை நிற்காத மாட்டுக்கு ஐந்தாம் நாள் ஊசி

ஹங்வெல்லையிலிருந்து:

மூன்று தடவை சினையூசி போட்டும் திரும்ப வேட்கைக்கு வரும் பிரீசியன் கலப்பு மாடுகளுக்கு, ஐந்தாம் நாள் பியூசரலின் (முட்டைப் புடைப்பை வெடிக்கச் செய்யும் ஓமோன் மருந்து) 10 மைக்ரோகிராம் தசையில் போடுவார்கள். மி.லீ. ஒன்றில் 4 மைக்ரோகிராம் உள்ள மருந்தென்றால் 2.5 மி.லீ. போட வேண்டும். பிசகு வருவது நாள் எண்ணுவதில்தான். வேட்கை கண்ட நாளைப் பூச்சியமாக வையுங்கள். ஐந்தாம் நாளளவில் சூலகத்தில் முதல் அலையாக வளரும் முட்டைப் புடைப்புகளில் பெரியது தயாராக நிற்கும். ஊசி போட்டு ஒன்றரை நாளுக்குள் அது வெடிக்கும். அந்த இடத்தில் இரண்டாவது மஞ்சட்சடலம் (புடைப்பு வெடித்த இடத்தில் உருவாகும் சுரப்பி) வளர்ந்து, சினையைத் தாங்கும் ஓமோனான புரொஜெஸ்தரோனைக் கூட்டும். பத்தாம் நாள் போட்டால் அந்தப் புடைப்பு தேய்ந்து, அடுத்தது முற்றாமல் இருக்கலாம். ஊசிக் காசு வீண்.

அவிசாவளையிலிருந்து:

அண்ணை சொன்ன நாள் சரி. ஆனால் எந்த மாட்டுக்குப் போடுகிறோம் என்பதை முதலில் பாருங்கோ. வேட்கை நாளில் வழும்பு கண்ணாடி மாதிரி நூலாக இறங்க வேண்டும். வெள்ளைத் துணுக்கு கலந்திருந்தால் கருப்பையில் அழற்சி. அந்த நிலையில் புரொஜெஸ்தரோன் கூடினால் கருப்பைக் கழுத்து இறுகும், எதிர்ப்புச் சக்தி தாழும், கிருமிக்குக் கொண்டாட்டம். முதலில் அதற்கு வைத்தியம்.

ஊசி போலவே புரொஜெஸ்தரோனைக் கூட்ட யோனிக்குள் வைக்கும், 1.38 கிராம் புரொஜெஸ்தரோன் கொண்ட சாதனத்திலும் கவனம் வேண்டும். வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, கிருமிநாசினியில் நனைத்த குழாய்க்கு வழுக்கல் பூசி, சிறகுகளை மடித்து ஏற்றுங்கோ. வெளியே தொங்கும் வால் நீளமாக இருந்தால் பக்கத்து நாகு கடித்து இழுத்துவிடும், கட்டையாக வெட்டிவிடுங்கோ. இரண்டாம் மூன்றாம் நாளிலேயே வைத்தால் கருப்பையின் நாள் கணக்கு முந்தி ஓடி, மஞ்சட்சடலம் நேரத்துக்கு முன்னே கரைவதும் உண்டு. சாதனம் உள்ளே இருக்கும்வரை வேட்கை தெரியாது. அதை நம்பிச் ‘சினை’ என்று எழுதிவிடாமல், எடுத்தபின் மூன்று நாள் காலை மாலை மாட்டைக் கவனியுங்கோ.

கொழும்பிலிருந்து:

காரணத்தையும் சொல்லி வைக்கிறேன். 16, 17ஆம் நாளளவில் கரு இன்டர்பெரோன் டவ் என்ற புரதத்தைச் சுரந்து ‘நான் இருக்கிறேன்’ என்று கருப்பைக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் வாரத்தில் புரொஜெஸ்தரோன் பிந்தி ஏறினால் கரு சிறுத்துப்போகும், சமிக்ஞை பலவீனமாகும். கருப்பை புரொஸ்டகிளான்டின் என்ற ஓமோனை விட்டு மஞ்சட்சடலத்தைக் கரைத்துவிடும். நிறையத் தின்று நிறையக் கறக்கும் மாட்டின் ஈரல் புரொஜெஸ்தரோனை வேகமாக அழிப்பதால், அவற்றுக்குத்தான் இந்தச் சிக்கல் கூட.

21 முதல் 24ஆம் நாளுக்குள் பாலில் புரொஜெஸ்தரோன் பார்த்தால், குறைவு என்றால் சினையில்லை. கூட இருந்தால் மட்டும் சினை என்று சொல்லேலாது. உறுதிக்கு 30ஆம் நாளளவில் ஸ்கேன்.

நம்ம பக்க வெக்கைக்கு ஊசி மாற்றில்லை. தகரக் கூரைக் கொட்டிலில் முதல் சில நாள் கரு சூட்டில் போய்விட்டால், மஞ்சட்சடலம் எத்தனை இருந்தும் என்ன? காற்றோட்டமில்லாத இடத்தில் தண்ணீர் தெளித்தால் புழுக்கம்தான் கூடும், மின்விசிறியும் வேணும்.

மறுபடி அவிசாவளையிலிருந்து:

புரொஸ்டகிளான்டின் குப்பியைப் பியூசரலினோடு ஒரே தட்டில் வையாதேங்கோ. மாறிப் போட்டால் சினை மாடு கன்று வீசிவிடும். கர்ப்பிணிகளும் ஆஸ்மாக்காரரும் புரொஸ்டகிளான்டின் குப்பியைத் தொடவே கூடாது. தோலூடாகவும் உள்ளே போகும்.