பூட்டிக் கிடக்குற வீட்டோட விலாசம், போன் நம்பர் எல்லாம் கூகுள்ல வருது, எப்படி எடுக்குறது?

பள்ளத்தூர்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். செட்டிநாட்டுப் பக்கம் பள்ளத்தூர்ல எங்க ஐயா காலத்து வீடு இருக்கு, நாங்க இருக்கிறது கோயமுத்தூர்ல. 2019ல நிலைக்கதவுல கரையான் ஏறிருச்சு, பர்மா தேக்குலயே ஏறிருச்சேன்னு பதறிப்போய் ஒரு சைட்ல போட்டோவோட கேள்வி கேட்டேன், நல்ல ஆசாரி யாராச்சும் கூப்பிடட்டும்னு நம்பரும் போட்டு, கீழ விலாசத்தோட (எங்க வீட்டுக்குன்னு இருக்குற முன்னெழுத்துங்க) பேரும் போட்டு, "படைப்புக்கு (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறதுக்கு) மட்டும்தான் வருவோம், மத்த நாள் பூட்டித்தான் கிடக்கும்"னு வேற எழுதிட்டேன். போன வாரம் யாரோ ஒருத்தர் போன் பண்ணி முகப்புல இருக்குற பெல்ஜியம் கண்ணாடிய குடுக்குறீங்களான்னு கேக்குறாரு. அந்த போட்டோவுல கண்ணாடி ஓரமா கொஞ்சூண்டு தெரியுது, அவ்வளவுதான். உடனே விலாசத்த கூகுள்ல அடிச்சுப் பார்த்தேன், முதல்லயே அந்தப் பக்கம்தான் வருது. ஆத்தாகிட்ட சொல்லல, சொன்னா தூங்க மாட்டாங்க. பேர மட்டும் மாத்திட்டா போதுமா?

வளவு_ஆச்சி:
பேர மாத்தி ஒன்னும் ஆகாது தம்பி. நம்ம பக்கம் ஊரு, எந்தக் கோவில் பங்காளி, விலாசம் இந்த மூணும் தெரிஞ்சா பேரே வேண்டாம், பஸ் ஸ்டாண்டுல கேட்டாலே வீட்டு வாசல்ல கொண்டுவந்து விட்டுருவாங்க. முதல்ல அந்த சைட்ல லாகின் பண்ணி நம்பர், விலாசம், அந்த "பூட்டிக் கிடக்கும்"ங்கிற வரி, போட்டோ எல்லாத்தையும் எடுங்க. எடிட் பண்ண விடலைன்னா நடத்துறவங்களுக்கு மெயில் போடுங்க. அங்க எடுக்காம கூகுள்ல மட்டும் எடுத்தா பக்கம் அப்படியேதான் இருக்கும், பிங்ல தேடினா வரும்.

கணினி_காரைக்குடி:
ஆச்சி சொல்றது சரி. எடுத்த பிறகும் கூகுள் மறுபடி அந்தப் பக்கத்தப் படிக்கிற வரைக்கும் பழைய வரியையே காட்டிட்டு இருக்கும். அதுக்குன்னு கூகுள்லயே காலாவதியான தகவலப் புதுப்பிக்கச் சொல்ற பக்கம் ஒன்னு இருக்கு, அதுல லிங்க்கக் குடுத்து, முன்னாடி இருந்து இப்ப இல்லாத ஒரு வார்த்தையும் குடுக்கணும், உங்க நம்பரயே குடுக்கலாம். சைட்காரங்க பதிலே சொல்லலைன்னா தனிப்பட்ட தகவல நீக்கக் கேக்குற ஃபார்ம் இருக்கு, 2022ல இருந்து போன் நம்பர், வீட்டு அட்ரஸுக்கும் கேக்கலாம், ஆனா கேட்டதெல்லாம் எடுத்துருவாங்கன்னு இல்ல. தேடிப் பாக்குறப்ப நம்பர மேற்கோள் குறிக்குள்ள போட்டு, சேர்த்து ஒருக்கா, நடுவுல இடம் விட்டு ஒருக்கா, +91 வச்சு ஒருக்கா தேடுங்க.

தேவகோட்டை_ரஸ்தா:
சைட்காரங்க கிட்ட ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி ஃபைல்ல அந்தப் பக்கத்தத் தடுக்கச் சொன்னா வேலை முடிஞ்சுதே? 2023ல தனிநபர் தரவுச் சட்டம் கூட வந்துச்சே, அத வச்சுக் கேக்கலாமே?

கணினி_காரைக்குடி:
இல்லண்ணே, அந்த ஃபைல் கூகுள உள்ள வந்து படிக்காதேன்னுதான் சொல்லும், வேற யாராச்சும் லிங்க் குடுத்திருந்தா ரிசல்ட்ல லிங்க் வரத்தான் செய்யும். நோஇண்டெக்ஸ்னு, அதாவது தேடல்ல காட்டாதேன்னு ஒரு குறிப்பு, அந்தப் பக்கத்துலயே போடணும், அதப் படிக்கணும்னா கூகுள உள்ள விட்டாத்தான் முடியும், ரெண்டையும் சேர்த்துப் போட்டா நோஇண்டெக்ஸ் அதுக்குக் கண்ணுலயே படாது. சட்டம் பத்தி, நாமளே பொதுவுல போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. தம்பி விஷயத்துல போட்டது அவரேதான்.

வளவு_ஆச்சி:
போட்டோ பத்தி ஒன்னு சொல்ல விட்டுட்டேன். கேமராவுல லொகேஷன் ஆன்ல இருந்தா எடுத்த இடமும் போட்டோவுக்குள்ளயே பதிஞ்சிரும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது போயிரும், டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே போகும். அத விட, வாசல் கேட்டுலயும் நிலைக்கு மேலயும் விலாசம் எழுதியிருக்கும் பாருங்க, அத யாரும் கவனிக்கிறதே இல்ல. கரையான் கேள்விக்குக் கரையான் அரிச்ச இடத்த மட்டும் கிட்ட வச்சு எடுத்தா போதும்ல, எதுக்கு முகப்பு முழுசும்?

பள்ளத்தூர்_பையன்:
ரொம்ப நன்றி ஆச்சி, நன்றிண்ணே. எடிட் பண்ண விட்டுச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டேன், கூகுள்லயும் புதுப்பிக்கக் குடுத்தாச்சு. நம்பர இடம் விட்டுத் தேடினப்பதான் தெரியுது, எங்க சித்தப்பா, என் தங்கச்சி ஜாதகத்த வேற ஒரு எடத்துல பிடிஎஃப்பா போட்டு வச்சிருக்காரு, பிறந்த நேரம் முதக்கொண்டு இருக்கு. ராத்திரி அவருக்குப் போன் போடணும்.