22-இல் இருந்தவன் ரெட்டுக்கு ஆசைப்பட்ட கதை

வீட்டுக்குள் ஆடும் ஆட்டங்கள் பற்றிய பேச்சில் ரம்மி, ஆடுபுலி ஆட்டம் என்று எல்லாரும் எழுதியாச்சு, கேரம் பக்கம் யாரும் வரவில்லை. நான் வருகிறேன், தோற்ற கதைதான்.

போடி பக்கம் எங்கள் தெருவில் ஆடியது பாயிண்ட் கேம். வெள்ளை 20, கறுப்பு 10, நடுவில் வைக்கும் ஒற்றைச் சிவப்புக் காயான ரெட் 50. எந்தக் காயை வேண்டுமானாலும் போடலாம், அதனால் ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்ததுமே கண் ரெட்டுக்குத்தான் போகும். பவுடர் தீர்ந்தால் அக்காவின் முகப்பவுடர், மழைக்காலத்தில் அது பிசுபிசுத்துக் காய் பாதியில் நிற்கும், அப்புறம் அக்காவிடம் வாங்கும் அடி தனி. அங்கே நான்தான் ராஜா என்று நினைப்பு.

2013-இல் வேலைக்காகச் சென்னை வந்து புது வண்ணாரப்பேட்டையில் அறை எடுத்தேன். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கேரம் கிளப், நாலு போர்டு, ஒவ்வொன்றின் மேலேயும் ஷேடு போட்ட பல்பு. "ஆடுறீங்களாண்ணா?" என்று கேட்டது ஸ்கூல் யூனிஃபார்ம்கூட மாற்றாத ஒரு பொண்ணு, எட்டாவது படிக்கலாம். பாவம், கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடுவோம் என்று உட்கார்ந்தேன் (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது).

அங்கே முதலில் 25 பாயிண்ட் எடுப்பவர் ஜெயிக்கும் ஆட்டம். அவரவர் நிறக் காயைத்தான் போட வேண்டும், போர்டை முடித்தவருக்கு, அதாவது தன் காய்களை முதலில் போட்டு முடித்தவருக்கு, எதிராளியின் மிச்சக் காய் ஒன்றுக்கு ஒரு பாயிண்ட், ரெட்டையும் அவரே எடுத்திருந்தால் கூட 3. ஆனால் 22-ஐத் தொட்டவனுக்கு ரெட் பாயிண்ட் கிடையாது. இதை அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

நான் 22, அவள் 17. மூலையோரம் ரெட் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, ஊர்ப்பழக்கம் விடுமா, அழகாக ஒரு கட் அடித்துப் போட்டேன். ரெட் செல்லுபடியாக அடுத்ததாகத் தன் காய் ஒன்றைப் போட வேண்டும், அதுதான் ஃபாலோ; அந்தக் காய் பாக்கெட் வாயில் இடித்துத் திரும்பிவிட்டது. ரெட் மறுபடி நடுவுக்குப் போனது. அவள் அதை எடுத்து, ஃபாலோ போட்டு, மிச்சம் இருந்த மூன்று காயையும் அவசரமே இல்லாமல் முடித்தாள். என் காய் 5 அப்படியே கிடந்தது. ஐந்தும் மூன்றும் எட்டு, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓரமாக நின்ற பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த ரெட்டால உனக்கு ஒண்ணும் வராது, உன் காயைப் போட்டுட்டே போயிருக்கணும்" என்றார். மரிய இருதயம் பற்றி அவர்தான் முதலில் சொன்னார். சென்னைக்காரர், இரண்டு முறை உலக சாம்பியன், 1996-இல் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர், எனக்கு அதுவரை பெயர்கூடத் தெரியாது.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா மூன்று தங்கம் வாங்கியபோது ஆபீசில் எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கு இல்லை. என்னை அடித்த பொண்ணு வேறு, ஆனால் ஏரியா அதுதானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போகிறேன். 22 வந்துவிட்டால் ரெட் பக்கம் பார்ப்பதில்லை, பார்த்தால் பக்கத்து போர்டிலிருந்து யாராவது இருமுகிறார்கள்.