பெயர் போடாமல் வரைகிறவர்கள்: உங்கள் அனுபவம்?

கொழிஞ்சாம்பாறை ஆள்:
2014 டிசம்பரில் கொச்சி பினாலே (இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) பார்க்கப் போயிருந்தேன். பாலக்காட்டில் ரயிலேறி, எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் ஃபோர்ட் கொச்சி. கண்காட்சி நடந்த ஆஸ்பின்வால் ஹவுஸில் பார்த்ததில் பாதி மறந்துவிட்டது. வெளியே ஒரு சந்துச் சுவர்தான் மனசில் நிற்கிறது. 'கெஸ் ஹூ' என்ற பெயரில் ஒருவர் (ஒருவரா, நாலு பேரா, யார் கண்டது) ஸ்டென்சில், அதாவது உருவம் வெட்டிய அட்டை, வைத்து பெயின்ட் அடித்த படம். வெளிநாட்டுப் பிரபலங்களை நம்மூர் ஆட்களோடு கலந்துவிடுவது அவருடைய குறும்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் பெயின்ட் கசிந்து பிசிறடித்திருந்தது. பக்கத்து டீக்கடைச் சேட்டனிடம் யார் என்று கேட்டேன். "எனிக்கறியில்ல" (எனக்குத் தெரியாது) என்று சிரித்தார்.

ஸ்டென்சிலின் வசதியே அதுதான். அட்டையை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக வெட்டிக்கொள்ளலாம், சுவர் முன்னால் நிற்பது சில நிமிஷம். கைவாகும் தெரியாது. நாளைக்கே சுண்ணாம்பு அடித்தாலும் படம் ஃபேஸ்புக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பெயர் வேண்டாம்:
நானும் ஒளிந்து வரைந்தவள்தான். புது மெயில், புதுப் பெயர், முகமே இல்லாத இன்ஸ்டா பக்கம். ஃபோன் நம்பரை மட்டும் பழசையே கொடுத்துத் தொலைத்தேன். மூன்றாம் நாள் சித்தப்பாவிடமிருந்து கமென்ட்: "கண்ணு, இது நீதான?" அவர் காண்டாக்டில் என் நம்பர் இருந்ததால் ஆப்பே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

அமாலியா உல்மன் என்ற கலைஞர் 2014-ல் சில மாசம் இன்ஸ்டாகிராமில் தன் முகத்தை வைத்தே இல்லாத ஒரு வாழ்க்கையை நடித்தார். பார்த்தவர்கள் நம்பினார்கள், அப்புறம்தான் எல்லாம் கலை என்று தெரிந்தது. முகத்தைக் காட்டியே ஆளை மறைப்பது! எனக்குக் கட்டுப்படியாகாது, சித்தப்பா இருக்கிறார்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்:
கைவாகு தெரியாது என்பது ஸ்டென்சிலுக்குச் சரி. எங்கள் கேரள எல்லையில் ஒரு இன்ஸ்டா பக்கம் உண்டு. தேங்காய் லாரி, கள்ளுக்கடை, தமிழும் மலையாளமும் எழுதிய பஸ் போர்டு, எல்லாம் கையால் வரைந்தவை. யார் என்று ஊரே துருவியது. ஒரு படத்தில் போர்டிலிருந்த 'ழ'வைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்ச்சுழி தூண்டில் முள் மாதிரி மேலே ஏறி நின்றது. அதே 'ழ' எங்கள் மாமாவின் அரிசிக்கடைப் பலகையில் இருபது வருஷமாகத் தொங்குகிறது! எழுதியவர் ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்த அண்ணன்.

அடுத்த வாரம் டீக்கடையில் பார்த்தபோது, "அண்ணா, 'ழ' நல்லாருக்கு" என்றேன். "எந்த 'ழ'?" என்றவர், என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கொழிஞ்சாம்பாறை ஆள்:
பக்கத்தின் பெயரைச் சொல்லுங்களேன்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்:
டீ குடித்துவிட்டேனே.